கல்வெர்ட்டும் கல்வெட்டும்!

வெள்ளம் வந்துவிட்டால் நம் ஊரில் மூன்று பேருக்கு ஏக டிமாண்ட். படகுக்காரர், பால்காரர், எம்.எல்.ஏ.! முதல் இரண்டு பேரையும் வாங்குவதற்காகத் தேடுகிறோம். மூன்றாமவரை, வாங்கு வாங்கென்று வாங்குவதற்காக!

பாவம், அவரும் வருகிறார். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில், பின்னால் குடை பிடிக்க ஒருத்தர், போட்டோ பிடிக்க ரெண்டு பேர் சகிதம் வருகிறார். பிரெட் பாக்கெட் கொடுக்கிறார். ''இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?'' என்று ஒரு பாட்டி மாடியிலிருந்து கேட்கிறார். மறுநாள் பேப்பரில் படம் வருகிறது. தண்ணீர் வடிகிறது. நாம் மறக்கிறோம். அவரும்!

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு என்று கோடு போடுகிற வியாதி உண்டு. அந்த வியாதியோடு எம்.எல்.ஏ.வின் வெள்ளக் கணக்கைப் புரட்டினால் ஒரு விசித்திரம் தெரிகிறது. அவர் செய்கிற வேலைகளில் நம் கண்ணுக்குத் தெரிபவை எல்லாம் டிசம்பரில் நடக்கின்றன. நம் வீட்டுக்குள் தண்ணீர் வராமல் தடுக்கக்கூடியவை எல்லாம் மார்ச்சிலிருந்து ஜூனுக்குள் நடக்கின்றன. அப்போது நாம் ஐ.பி.எல். பார்த்துக்கொண்டிருக்கிறோம்!

* * *

முதலில் தண்ணீர்க் கணக்கு.

2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கி மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. இதென்ன பிரமாதம், ஒன்றரை அடிதானே என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டு மொட்டைமாடி 600 சதுர அடி என்றால், அதில் மட்டும் சுமார் 27 ஆயிரம் லிட்டர் கொட்டியிருக்கிறது. இரண்டு தண்ணி லாரி, ஒரே நாளில், உங்கள் தலைக்கு மேல்!

செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்று திறந்துவிடப்பட்ட நீர், உச்சத்தில் விநாடிக்கு 29,000 கன அடி. 'கன அடி' என்றால் நமக்கு உறைக்காது. லாரிக் கணக்கில் சொல்கிறேன். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கிற லாரிகள் 68... ஒரு நிமிஷத்துக்கு இல்லை சார், ஒரு விநாடிக்கு! இந்த வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் சுமார் 300 லாரித் தண்ணீர் அடையாற்றில் போயிருக்கும்.

அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எங்கள் வாடகை வீட்டுக்குள்ளும் வந்தது. புறநகரில், தரைத்தளம். கட்டில் உயரம் வரை நின்றது. அம்மாவின் இன்சுலினை வைத்திருந்த ஃபிரிட்ஜ் மிதந்து வந்து வாசல் கதவை அடைத்துக்கொண்டது. ஃபிரிட்ஜ் மிதக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மாடி வீட்டில் ரெண்டு ராத்திரி. மூன்றாம் நாள் மீனவ இளைஞர்கள் படகில் வந்து அம்மாவை இறக்கிக்கொண்டு போனார்கள். காசு கொடுத்தால் வாங்கவில்லை.

தமிழகம் முழுக்க நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. ஏரியை விதிப்படிதான் திறந்தோம் என்றது அன்றைய அரசு. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கை, தண்ணீர் திறந்துவிடப்பட்ட விதத்தைக் குறை சொன்னது. மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது.

இதில் ஓர் எம்.எல்.ஏ. என்ன செய்ய முடியும்? ஷட்டரைத் திறக்கிற சாவி அவரிடம் இல்லை. மழையை நிறுத்துகிற பட்டனும் இல்லை. அப்புறம் எதற்கு அவரைத் திட்டுகிறோம்?

* * *

நியாயமாகப் பேசுவோம். டிசம்பர் வேலையும் வேலைதான். தண்ணீர் ஏறுகிறபோது டிரான்ஸ்ஃபார்மரை அணைக்கச் சொல்லி ஒரு போன் போனால் ரெண்டு உயிர் பிழைக்கும். கல்யாண மண்டபத்தைத் திறக்க வைப்பது, படகு எந்தத் தெருவுக்கு முதலில் போகணும் என்று தீயணைப்புக்காரர்களுக்கு வழி சொல்வது, கர்ப்பிணிகள் இருக்கிற வீடு எது என்று காட்டுவது... இதையெல்லாம் தொகுதியைத் தெரிந்த ஒருத்தர்தான் செய்ய முடியும்.

தண்ணீர் வடிந்த பிறகு வரும் வேலை இன்னும் சங்கடமானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகக் கொடுத்தார்கள். ரேஷன் கார்டு வேறு ஊரில் இருக்கிறது, குடியிருப்பு இங்கே என்று எத்தனை பேர்! பேச்சிலர் ரூமில் நாலு பேர், நாலு பேருக்கும் கார்டு திண்டுக்கல்லில்! இப்படி விட்டுப்போனவர்களின் மனுக்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து அதிகாரிகளிடம் மல்லுக்கட்டுவதும் எம்.எல்.ஏ. ஆபீஸ் வேலைதான். அதற்கு போட்டோ கிடையாது.

ஆனால் இதெல்லாம் காமர்ஸ் பாஷையில் 'வருவாய்ச் செலவு'. இன்றைக்குச் செய்து இன்றைக்கே தீர்ந்துபோகிறது. பிரெட் பாக்கெட்டின் ஆயுசு ஒரு வேளை. அடுத்த மழையில் மறுபடி முதலிலிருந்து. 'மூலதனச் செலவு' என்று ஒன்று இருக்கிறதே... அகலமான கால்வாய், தூர்வாரின ஏரி, தண்ணீர் போக ஒரு ஓட்டை... அதற்கு எம்.எல்.ஏ. கையில் என்ன இருக்கிறது?

முதலில் பணம். தமிழ்நாட்டில் தொகுதி மேம்பாட்டு நிதி என்று வருஷத்துக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். எம்.பி.க்கு வருஷம் 5 கோடி. 'அடேயப்பா' என்று வாயைப் பிளக்காதீர்கள். அவர் பரிந்துரைக்கத்தான் முடியும், செக்கில் கையெழுத்துப் போட முடியாது. அந்த 3 கோடியில் பள்ளிக்கூடக் கட்டிடம், நிழற்குடை, ஹைமாஸ் விளக்கு, தண்ணித் தொட்டி எல்லாம் வரிசையில் நிற்கும். சென்னைப் படுகையின் வெள்ளத் தணிப்புக்கென்று 2023 டிசம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த திட்டத்தின் மதிப்பு 561.29 கோடி. அதோடு ஒப்பிட்டால் 3 கோடி என்பது கல்யாண வீட்டு மொய்க் கவரில் இருக்கிற அந்த ஒத்தை ரூபாய்!

பணத்தைவிடப் பெரிய ஆயுதம் ஒன்று அவரிடம் உண்டு. வாய்!

கேள்வி நேரத்தில் கேட்கலாம். கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுக்கலாம். பட்ஜெட்டுக்குப் பிறகு ஒவ்வொரு துறைக்கும் மானியக் கோரிக்கை வரும். அதில் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். இதில் 'அடையாள வெட்டு' என்று ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆயிரக்கணக்கான கோடிகளைக் கேட்டு ஓர் அமைச்சர் எழுந்து நிற்பார். 'அந்தத் தொகையில் நூறு ரூபாயைக் குறைக்கணும்' என்று உறுப்பினர் தீர்மானம் கொடுப்பார். நூறு ரூபாயை மிச்சம்பிடிக்க அல்ல! 'எங்க ஊர்க் கால்வாயைப் பத்தி எனக்கு ஒரு குறை இருக்கு, அதைப் பேச வழி விடுங்க' என்பதற்கான சட்டபூர்வமான கனைப்பு அது.

அமைச்சர் எழுந்து, 'ஆவன செய்யப்படும்' என்பார். சினிமாவில் இந்த வசனத்துக்குச் சிரிக்கிறோம். ஆனால் சபையில் அமைச்சர் தரும் உறுதிமொழிகளைத் துரத்திப் பிடிக்கவே 'அரசு உறுதிமொழிக் குழு' என்று எம்.எல்.ஏ.க்களைக் கொண்ட ஒரு குழு இருக்கிறது தெரியுமா? சொன்னீங்களே, செஞ்சீங்களா என்று அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்கலாம். மனுக்கள் குழு என்று இன்னொன்று. சி.ஏ.ஜி. அறிக்கையைப் பிரித்து மேயப் பொதுக் கணக்குக் குழு. இந்தக் கூட்டங்களில் கைதட்டல் இருக்காது, டீயும் பிஸ்கட்டும்தான் இருக்கும். ஃபைல் நகர்வது இங்கேதான்.

* * *

எங்கள் தெருக் கதை ஒன்று சொல்கிறேன்.

2015-க்குப் பிறகும் எங்கள் பகுதியில் சாதாரண மழைக்கே நாலு நாள் தண்ணீர் நிற்கும். தெருவாசிகள் நாலைந்து பேர், ரிட்டயரான ஒரு சர்வேயர் தாத்தா தலைமையில், பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு தண்ணீர் எங்கே முட்டுகிறது என்று நடந்து பார்த்தோம். மெயின் ரோட்டுக்குக் கீழே ஒரு கல்வெர்ட்டு. அதற்குள் ரெண்டு சிமென்ட் குழாய். ஒன்றில் மண். இன்னொன்றில் மெத்தை! யாரோ கழித்துப் போட்ட இலவம்பஞ்சு மெத்தை!

ரோடு ஒரு துறைக்குச் சொந்தம். கால்வாய் இன்னொரு துறைக்கு. தெரு டிரெயினேஜ் மூன்றாவது ஆபீசுக்கு. மெத்தை யாருக்குச் சொந்தம் என்று மட்டும் தெரியவில்லை! மூன்று ஆபீசுக்கும் மனு கொடுத்தோம். ஒவ்வொருவரும் அடுத்தவர் அட்ரஸை மிக மரியாதையாக எழுதிக் கொடுத்தார்கள்.

தாத்தா சொன்னார். ''தம்பி, எம்.எல்.ஏ. கிட்டப் போவோம். ஆனா மாலை வேண்டாம். மேப் எடுத்துக்கிட்டுப் போவோம்.''

போனோம். எம்.எல்.ஏ. வரைபடத்தை மேஜையில் விரித்து அஞ்சு நிமிஷம் பார்த்தார். ''இவ்ளோதானா அண்ணே? குழாயை எடுத்துட்டு பெட்டி மாதிரி கட்டினா போதுமா?'' என்றார். ''அவ்ளோதான் சார். ஆனா மூணு பேர் கையெழுத்து வேணும்'' என்றார் தாத்தா. அவர் மூன்று துறை என்ஜினீயர்களையும் ஒரே நாளில் அந்த இடத்துக்கு வரவழைத்தார். வெயிலில் நிற்க வைத்துப் பேசினார். சபையிலும் கேட்டார். ரெண்டு வருஷம் இழுத்து, 2019-ல் கல்வெர்ட்டு அகலமானது. திறப்பு விழா கிடையாது. ரோட்டுக்கு அடியில் இருப்பதற்கு எப்படி ரிப்பன் வெட்டுவது? கல்வெர்ட்டுக்குக் கல்வெட்டும் வைக்கவில்லை!

அதே வருஷம் பக்கத்தில் ஒரு பஸ் ஸ்டாப் நிழற்குடை கட்டினார்கள். கிரானைட்டில் கல்வெட்டு. பஸ்தான் அங்கே நிற்பதில்லை.

2021 ஏப்ரல் தேர்தலில் அவர் தோற்றுப்போனார். காரணங்கள் ஆயிரம் இருக்கும். ஆனால் எங்கள் தெருவில் ஓட்டுக் கேட்டு வந்தபோது கல்வெர்ட்டைப் பற்றி ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. ஏழு மாதம் கழித்து, நவம்பரில் பேய் மழை. சென்னையே மிதந்தது. எங்கள் தெருவில் சாயங்காலம் ஏறின தண்ணீர் விடிகாலையில் போய்விட்டது. பால்காரர் சைக்கிளில் வந்தார்.

'தண்ணி வரலை' என்று யாராவது போட்டோ எடுப்பார்களா?

* * *

நம் ஊரின் வியாதி மட்டுமில்லை இது. ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா என்று ரெண்டு ஆராய்ச்சியாளர்கள். அமெரிக்கத் தேர்தல் முடிவுகளையும் அங்கே பேரிடருக்குச் செலவான பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிவாரணம் கொடுத்தால் ஜனங்கள் ஓட்டுப் போடுகிறார்கள். முன்னெச்சரிக்கைக்குச் செலவழித்தால் சீண்டுவதே இல்லை. இத்தனைக்கும் முன்னெச்சரிக்கைக்குப் போட்ட ஒரு டாலர், பின்னால் வரும் சேதத்தில் சுமார் 15 டாலரை மிச்சப்படுத்துகிறது என்பது அவர்கள் போட்ட கணக்கு.

ஒன்றுக்குப் பதினைந்து! எந்த பாங்க் கொடுக்கும் இந்த வட்டி? ஆனாலும் எந்த அரசியல்வாதியும் இந்த டெபாசிட்டைப் போடமாட்டேன் என்கிறாரே, ஏன்? முதிர்வுத் தேதி தேர்தலுக்கு அப்புறம் வருகிறது. லாபம் அடுத்த ஆளுக்குப் போகிறது. நாம்தான் அந்த பாங்கின் மேனேஜர்கள். குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

இதே அமெரிக்காவில் வேறு மாதிரி ஒருத்தரும் இருந்தார். 1927 ஏப்ரலில் மிஸிஸிப்பி ஆற்றின் கரை உடைந்து ஆறு லட்சம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள். அந்தப் பகுதியிலிருந்து பார்லிமென்ட்டுக்குப் போனவர் வில்லியம் விட்டிங்டன். 1925-லிருந்து 1951 வரை உறுப்பினர். பிரதிநிதிகள் சபையின் வெள்ளத் தடுப்புக் குழுவில் பழியாய்க் கிடந்து, பிற்பாடு அதற்கே தலைவரானார். 1928-ல் மிஸிஸிப்பிக்கு 32.5 கோடி டாலர் அனுமதித்து ஒரு சட்டம். 1936-ல் வெள்ளத் தடுப்பு என்பது தேசத்தின் பொறுப்பு என்று இன்னொரு சட்டம். ஒரே விஷயத்தை கால் நூற்றாண்டு விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மனிதர். நம் எம்.எல்.ஏ.க்களில் யாருக்காவது 'கால்வாய்க்காரர்' என்று பட்டப்பெயர் உண்டா? சொல்லுங்கள், நானே கட்-அவுட் வைக்கிறேன்.

இங்கே சட்டப் புத்தகத்திலேயே தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது பாருங்கள். 2021-26 காலத்துக்கு 15-வது நிதிக் குழு, மாநிலப் பேரிடர் நிதியை எப்படிப் பிரிக்கணும் என்று சொன்னது. நிவாரணம், மறுகட்டுமானம் மாதிரி விஷயங்களுக்கு 80 சதவிகிதம். ஆபத்தைத் தணிக்கிற வேலைக்கு 20. அந்த 80-லும் தயார்நிலைக்கு என்று இருப்பது மொத்தத்தில் 10 சதவிகிதம். இதற்கே 'பரவாயில்லையே' என்று சொல்லவேண்டும். தணிப்புக்கென்று தனியாக இப்படி ஒதுக்கியது அதுதான் முதல் தடவை!

* * *

எம்.எல்.ஏ.வுக்கு உண்மையான தலைவலி ஒன்றும் இருக்கிறது. தொகுதிக்கு எல்லைக்கோடு உண்டு. தண்ணீருக்குக் கிடையாது. இங்கே ரோட்டை இரண்டடி உயர்த்தினால் கைதட்டுவார்கள், அந்தத் தண்ணீர் அடுத்த தெருவில் போய்க் கதவைத் தட்டும். அடையாறு மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று எத்தனையோ பேர் தொகுதியைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறது. மேலே இருக்கிறவரும் கீழே இருக்கிறவரும் வேறு வேறு கட்சியாக இருக்கலாம். ஆறு யாரிடமும் உறுப்பினர் அட்டை கேட்பதில்லை.

அப்புறம் நம் ஊர்ப் பெயர்கள்! மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் இல்லை. முகப்பேரில் 'ஏரித் திட்டம்' என்றே ஒரு குடியிருப்பு இருக்கிறது. ஏரி இருந்த இடத்தில் நாம் இருக்கிறோம். மழை வரும்போது ஏரி தன் பழைய அட்ரஸுக்குத் திரும்புகிறது. 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறின பள்ளிக்கரணை சதுப்பு நிலம் மாதிரி மிச்சமிருப்பதையாவது காப்பாற்ற, 'இந்த மனையை வரன்முறைப்படுத்துங்க' என்று சிபாரிசுக்கு வரும் சொந்தக் கட்சிக்காரரிடம் முடியாது என்று சொல்கிற தைரியம் வேண்டும். இது ஒரு பைசா செலவில்லாத வெள்ளத் தடுப்பு. ஆனால் ரொம்பக் காஸ்ட்லி!

2021 வெள்ளத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு போட்டார்கள். 2023 மார்ச்சில் இறுதி அறிக்கை வந்தது. அதே டிசம்பரில் மிக்ஜாம் வந்து வேளச்சேரியை முழுகடித்தது. இரண்டு வாரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ.! திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு சிக்கிக்கொண்டது. அந்த மாதிரி மழையை எந்தக் கால்வாயும் முழுசாக விழுங்காது. 'ஒரு சொட்டுக்கூடத் தேங்காது' என்று எந்த எம்.எல்.ஏ. மார்தட்டினாலும் நம்பாதீர்கள். 'நாலு நாள் நின்ற இடத்தில் ஒரு நாளில் வடியும்' என்று சொல்பவரை நம்பலாம். அந்த மூன்று நாள் வித்தியாசத்தில்தான் இன்சுலினும், ஸ்கூல் சர்டிபிகேட்டும், சில சமயம் உயிரும் இருக்கிறது.

* * *

ஆபீஸ் போகிற நமக்கு என்ன வேலை இதில்? பெரிசாக ஒன்றும் இல்லை. வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழைக்காலத்தில் இல்லை, மே மாதத்தில்! மாம்பழம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவதற்கு முன்னால், தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு தண்ணீர் போகிற வழியில் ஒரு தடவை நடந்து பாருங்கள். எங்கே முட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தேதி போட்டு போட்டோ எடுங்கள். எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போய் மூன்றே கேள்வி கேளுங்கள்.

எங்க கால்வாய் எந்தத் துறைக்குச் சொந்தம்? இந்த வருஷ மானியக் கோரிக்கையில அதைப் பத்திப் பேசினீங்களா? போன வருஷம் அமைச்சர் கொடுத்த உறுதிமொழி என்ன ஆச்சு?

கேட்பதற்கு ஆள் வருகிறது என்று தெரிந்தால், சொல்வதற்கு அவரும் ஏதாவது செய்துவைப்பார். ஓட்டு எங்கே இருக்கிறதோ அங்கே கால்வாய் போகும். அரசியலில் ஈர்ப்பு விசை அப்படித்தான் வேலை செய்கிறது.

எங்கள் சர்வேயர் தாத்தா போன வருஷம் காலமானார். காரியத்துக்குத் தோற்றுப்போன அந்த எம்.எல்.ஏ. வந்திருந்தார். கார் இல்லை, கூட்டம் இல்லை, டூவீலரில் வந்தார். போகும்போது மெயின் ரோட்டில் வண்டியை நிறுத்திக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ''என்ன சார்?'' என்றேன்.

''ஒண்ணுமில்ல தம்பி. மறுபடியும் யாரோ மெத்தை போட்டிருக்காங்க. ஜூனுக்குள்ள எடுத்துருங்க'' என்றார்.